கணக்கை எங்களிடமும் காட்டுங்கள்

வளரும் நாடுகளில் ஜனநாயகத்தை வளர்ப்பதற்கென்று தங்கள் அரசுகளிடம் நிதி பெற்று இயங்கும் அமைப்புகளின் தலைவர்களுக்கும் இயக்குநர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் பல ஊர்களில் அமர்ந்திருக்கிறீர்கள். வாஷிங்டனில் என்.இ.டி. என்று சுருக்கமாக அறியப்படும் ‘நேஷனல் எண்டோமென்ட் ஃபார் டெமாக்ரசி’, அதன் குடைக்கீழ் இரு பெரும் கட்சிகளை ஒட்டி நிற்கும் என்.டி.ஐ., ஐ.ஆர்.ஐ.; லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஜனநாயக அறக்கட்டளை; பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஜனநாயக நிதியம்; ஜெர்மனியில் கட்சிக்கு ஒன்றாக அறக்கட்டளைகள். உங்களுக்குள் வேறுபாடுகள் நிறைய. ஆனாலும் இரண்டு செய்திகள் உங்கள் எல்லோருக்கும் பொருந்தும். பணம் உங்கள் நாட்டு வரி செலுத்துபவருடையது. அது வந்து சேரும் இடம் எங்கள் நாடுகளின் தேர்தல்கள், கட்சிகள், தொழிற்சங்கங்கள், பத்திரிகைகள். முதல் தரப்புக்குரிய கணக்கை ஒழுங்காக ஒப்படைக்கிறீர்கள். உங்கள் நாடாளுமன்றக் குழு கேட்கிறது, தணிக்கையாளர் கேட்கிறார், பதில் சொல்கிறீர்கள். இரண்டாம் தரப்பான எங்களிடம் எப்போது கணக்குச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் நாடுகளில் உங்களைப் பற்றிக் கூச்சலிடுபவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். எதிர்த்துப் பேசுகிறவன் ஒவ்வொருவனுக்கும் பின்னால் வெளிநாட்டுக் கை இருப்பதாகச் சொல்லிச் சிறையை நிரப்புபவர்கள் அவர்கள். அவர்களுடைய வரிசையில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். ஒரு நாட்டு மக்கள் தங்கள் ஆட்சியாளரை மாற்றப் போராடும்போது வெளியிலிருந்து வரும் உதவி எல்லாமே சதி என்று நான் நம்பவில்லை. போர்ச்சுகல் சோஷலிஸ்ட் கட்சி 1973 ஏப்ரலில் பிறந்தது போர்ச்சுகல் மண்ணில் இல்லை. ஜெர்மனியின் பாட் மூன்ஸ்டர்ஐஃபல் என்ற சிற்றூரில், ஃப்ரீட்ரிக் எபர்ட் அறக்கட்டளையின் கூரைக்குக் கீழே, நாடு கடந்து வாழ்ந்தவர்கள் கூடி அதைத் தொடங்கினார்கள். ஓராண்டு கழித்து லிஸ்பனில் சர்வாதிகாரம் சரிந்தபோது, தேர்தலில் நிற்க ஒரு ஜனநாயகக் கட்சி ஆயத்தமாக இருந்தது. எபர்ட் அறக்கட்டளைக்கும் ஒடுக்குமுறை புதிதல்ல; 1925-இல் தொடங்கப்பட்ட அதை 1933-இல் நாஜிகள் தடை செய்திருந்தார்கள்.

சிலியையும் நான் மறுக்கப்போவதில்லை. ராணுவ ஆட்சியாளர் பினோசே மேலும் எட்டு ஆண்டு ஆளலாமா என்ற ஒரே கேள்விக்கு 1988 அக்டோபர் 5 அன்று மக்கள் வாக்களித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் என்.இ.டி. வழியாக அனுப்பிய 10 லட்சம் டாலரும், என்.டி.ஐ. கற்றுக்கொடுத்த இணை வாக்கு எண்ணிக்கை முறையும் எதிரணிக்கு உதவின. அன்றிரவு அரசுத் தரப்பு முடிவுகளை இழுத்தடித்தபோது எதிரணியின் கையில் சாவடி வாரியாகச் சொந்த எண்ணிக்கை இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு அதிபர் மாளிகைக்கு வந்த விமானப் படைத் தளபதி மத்தேய், உள்ளே போவதற்கு முன்பே, ‘வேண்டாம்’ தரப்பு வென்றுவிட்டது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். ஏறத்தாழ 56 விழுக்காடு. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 10 லட்சம் டாலர் அமெரிக்க நிதி ஒதுக்கீட்டில் எல்லோரும் படிக்கும்படி இருந்த தொகை. அதே சிலியில், அயெந்தே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 1970-க்கும் ராணுவம் அவரைக் கவிழ்த்த 1973-க்கும் இடையில், சி.ஐ.ஏ. 80 லட்சம் டாலரை மறைவாகச் செலவிட்டிருந்தது. அமெரிக்க செனட் குழு 1975-இல் அதை வெளிக்கொண்டுவந்தது. மறைவாக வந்த பணம் ஒரு மக்களாட்சியைக் கவிழ்க்கத் துணைபோனது. வெளிப்படையாக வந்த பணம் ஒரு சர்வாதிகாரியை இறக்கத் துணை நின்றது. இப்படிச் சொல்வது வரலாற்றைச் சற்று எளிமைப்படுத்துவதுதான். என்றாலும் உங்கள் தரப்பின் மிக வலுவான வாதம் இதுவே என்பதால் எடுத்துச் சொல்கிறேன்.

என்.இ.டி. பிறந்த கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்க மாணவர் சங்கத்துக்கும் இன்னும் பல அமைப்புகளுக்கும் சி.ஐ.ஏ. ரகசியமாகப் பணம் கொடுத்துவந்தது 1967-இல் அம்பலமானது. அமெரிக்க அதிபர் ரீகன் 1982-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உரையாற்றி, அடுத்த ஆண்டு என்.இ.டி. உருவானபோது சொல்லப்பட்ட நியாயம்: இனி இதைத் திறந்த வெளியில் செய்வோம். அதை உருவாக்குவதில் முன்னின்ற ஆலன் வைன்ஸ்டைன் 1991-இல் ஒரு நாளிதழுக்கு இதை மறைக்காமலே சொன்னார்: இன்று நாங்கள் செய்வதில் பெரும்பகுதி, 25 ஆண்டுகளுக்கு முன் சி.ஐ.ஏ. மறைவாகச் செய்ததுதான். உங்களை எதிர்ப்பவர்கள் இந்த வாக்கியத்தை ஒப்புதல் வாக்குமூலம்போல இன்றும் மேடைதோறும் படிக்கிறார்கள். எனக்கு அது ஒரு வாக்குறுதியாகத் தெரிகிறது. வெளிப்படையாக இருப்போம் என்பதுதான் உங்களுக்கும் உளவுத் துறைக்கும் நடுவில் உள்ள ஒரே சுவர். அந்தச் சுவரில் நீங்களே ஓட்டை போட்ட இடங்களைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும்.

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று அதிபர் தேர்தல் நடந்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் கொடுத்த பணத்தில் ஐ.ஆர்.ஐ. வாக்குச்சாவடி வாசல்களில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. வாக்களித்துவிட்டு வெளியே வந்த ஆயிரக்கணக்கான கென்யர்கள் நின்று பதில் சொன்னார்கள். எண்ணிக்கையைப் பற்றிய சச்சரவு ஓயாத நிலையில் 30-ஆம் தேதி, அப்போது பதவியில் இருந்த அதிபர் கிபாக்கி வென்றதாக அறிவிக்கப்பட்டார். அன்று மாலையே அவசர அவசரமாகப் பதவியேற்றார். நாடு பற்றி எரிந்தது. பின்னர் அமைக்கப்பட்ட வாக்கி ஆணையத்தின் கணக்குப்படி 1,133 பேர் உயிரிழந்தார்கள். லட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். தேர்தலில் உண்மையில் வென்றது யார் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்த வாரங்களில், அவரை எதிர்த்து நின்ற ஒடிங்கா சுமார் 6 புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகக் காட்டிய அந்தக் கணிப்பு ஐ.ஆர்.ஐ.யின் கையில் இருந்தது. அது வெளியிடப்படவில்லை. தரவின் நம்பகத்தன்மையில் ஐயம் இருந்தது என்பது அமைப்பு தந்த விளக்கம். 2008 ஆகஸ்டில், அதாவது இரு தரப்பும் ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்டு அமைச்சரவையும் அமைந்து மாதங்கள் ஆன பிறகு, அதே கணிப்பை ஐ.ஆர்.ஐ. தானே வெளியிட்டது.

அந்தக் கணிப்பு சரியானது என்று வாதாட நான் வரவில்லை. தேர்தலை ஆராய்ந்த கிரீக்லர் ஆணையம், முறைகேடுகள் அவ்வளவு மலிந்திருந்ததால் உண்மையான வெற்றியாளரை அறியவே வழியில்லை என்றது. உரிய நேரத்தில் வெளியிட்டிருந்தால் ரத்தம் குறைந்திருக்குமா கூடியிருக்குமா என்பதும் வெறும் ஊகம்தான். நான் கேட்பது, அந்த முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதை. பதில் சொன்னவர்கள் கென்யர்கள். அவர்களுடைய நாட்டின் தலைவிதி அதில் இருந்தது. அதை வெளியிடலாமா, பூட்டி வைக்கலாமா என்று முடிவெடுத்த இடமோ கென்ய வாக்காளர் எவரும் எட்டிப் பார்க்க முடியாத ஓர் அலுவலகம். எங்கள் நாட்டுத் தேர்தல் ஆணையம் ஒன்று இப்படி ஒரு முடிவை எட்டு மாதம் கையில் வைத்திருந்தால், உங்கள் கண்காணிப்பு அறிக்கையில் அதற்கு எத்தனை பத்தி ஒதுக்குவீர்கள்?

இத்தனைக்கும் 2005 அக்டோபர் 27 அன்று ஐ.நா. தலைமையகத்தில் சர்வதேசத் தேர்தல் கண்காணிப்புக்கான கொள்கைப் பிரகடனம் வெளியிடப்பட்டிருந்தது. காலத்தோடு, துல்லியமாக, பாரபட்சமின்றிக் கண்டதைச் சொல்லவேண்டும் என்று அது பேசுகிறது. வாசல் கணிப்பு வேறு, கண்காணிப்பு வேறு என்று யாராவது எனக்கு நுணுக்கம் கற்பிக்கலாம். வாக்காளருக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. இனி எந்த நாட்டில் கணிப்போ இணை எண்ணிக்கையோ நடத்தினாலும், அதன் முறையையும், முடிவை வெளியிடப்போகும் நாளையும், எந்தக் குறை கண்டால் நிறுத்திவைப்பீர்கள் என்பதையும் தேர்தலுக்கு முன்பே எழுதி வெளியிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு வெளியிடும் விதியை வகுப்பது எந்த ஊரிலும் நேர்மையான ஆட்டம் ஆகாது.

கென்யாவிலாவது ஐயம் என்று ஒரு காரணம் இருந்தது. கியூபாவில் அதுவும் இல்லை. ‘சுன்சுனேயோ’ என்ற குறுஞ்செய்தி வலையமைப்பை 2010 முதல் 2012 வரை கியூப இளைஞர்களிடையே யு.எஸ்.எய்ட் ஒப்பந்ததாரர்கள் மூலம் நடத்தியதையும், அதன் பின்னால் அமெரிக்க அரசு இருப்பது தெரியாமலிருக்கப் போலி நிறுவனங்கள் நிறுவப்பட்டதையும் அசோசியேட்டட் பிரஸ் 2014-இல் அம்பலப்படுத்தியது. ஏறத்தாழ 40,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். தாங்கள் யாருடைய திட்டத்தில் பயனாளிகள் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதே ஆண்டு வெளியான இன்னொரு செய்தி இதைவிட மோசம்: லத்தீன் அமெரிக்க இளைஞர்களைக் கியூபாவுக்கு அனுப்பி, எச்.ஐ.வி. தடுப்புப் பயிலரங்கு என்ற போர்வையில், அரசை எதிர்க்கக்கூடிய ஆட்களைத் தேடியிருக்கிறார்கள். இதைச் செய்தது யு.எஸ்.எய்ட், நாங்கள் இல்லை என்று உங்களில் பலர் சொல்வீர்கள். சரிதான். ஆனால் அந்தச் செய்தி வந்தபோது, சுகாதாரப் பணியாளரை இப்படிக் கருவியாக்குவது எங்கள் தொழிலுக்கே இழுக்கு என்று உங்களில் எத்தனை பேர் பொதுவில் சொன்னீர்கள்? அடுத்த முறை ஏதோ ஒரு நாட்டில் நிஜமான எச்.ஐ.வி. பணியாளர் ஒருவரை உளவாளி என்று பிடித்துக்கொண்டு போனால், கைது செய்த அரசுக்கு ஆதாரம் தேடவேண்டிய வேலையே இருக்காது.

நியாயமாகச் சொன்னால், உங்களுக்குள் ஒருவரை ஒருவர் கண்டித்த தருணமும் உண்டு. வெனிசுவேலாவில் 2002 ஏப்ரலில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் சாவேஸ் வலிந்து நீக்கப்பட்டபோது ஐ.ஆர்.ஐ.யின் அப்போதைய தலைவர் அதைப் பாராட்டி அறிக்கை விட்டார். என்.இ.டி. தலைவர் கார்ல் கெர்ஷ்மன் அதைக் கண்டித்து அவருக்குக் கடிதம் எழுதினார். இரண்டே நாளில் சாவேஸ் திரும்பி வந்துவிட்டார். அந்த அறிக்கை மட்டும் திரும்பப் போகவே இல்லை. உங்கள் மீதான ஐயத்துக்குச் சான்றாக இன்றும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

சர்வாதிகார நாடுகளில் எங்களிடம் நிதி பெறுபவர்களின் பெயரை வெளியிட்டால் அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பீர்கள். ஏற்கிறேன். பெயரை மறைக்கவேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் பெயரை மறைப்பது ஒன்று, திட்டத்தையே புகைமூட்டத்தில் வைப்பது வேறொன்று. எவ்வளவு தொகை, எந்த வேலைக்கு, எத்தனை காலத்துக்கு, முடிவு என்ன ஆயிற்று என்பவற்றை ஆளைக் காட்டிக்கொடுக்காமலே சொல்லலாம். ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ உரிய மறைப்பை, ஓரளவு ஒழுங்காகத் தேர்தல் நடக்கும் நாடுகளுக்கும் பழக்கதோஷத்தில் நீட்டுவது எந்தப் பாதுகாப்பும் இல்லை. சொல்லப்போனால் அதுதான் ஆபத்து.

2025 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவில் வாக்குப்பதிவை உயர்த்துவதற்கான 2.1 கோடி டாலரை ரத்து செய்ததாக அமெரிக்க அரசின் செலவுக் குறைப்புக் குழு ஒருநாள் அறிவித்தது. இந்தியாவில் ஆளும்கட்சி எதிர்க்கட்சியைக் கைகாட்டியது; எதிர்க்கட்சி ஆளும்கட்சியைத் திருப்பிக் கேட்டது. அமெரிக்க அதிபரே மேடைதோறும் அந்தத் தொகையைப் பற்றிப் பேசினார். பிறகு ஓர் இந்திய நாளேடு ஆவணங்களைத் தோண்டி, அந்தப் பணம் இந்தியாவுக்கு உரியதன்று, வங்கதேசத்துக்கானது என்று எழுதியது. ஐ.ஆர்.ஐ., என்.டி.ஐ. ஆகியவற்றோடு இன்னோர் அமைப்பும் சேர்ந்த கூட்டமைப்பின் வழியாகச் செல்லவேண்டிய நிதி அது. ஒரு வரிக் குறிப்பை வைத்துக்கொண்டு, உலகின் மிகப் பெரிய வாக்காளர் கூட்டம் வாரக்கணக்கில் சண்டையிட்டது. அந்தத் திட்டத்தின் ஒரு பக்கச் சுருக்கம், அது நடக்கவிருந்த நாட்டின் மொழியில், முதல் நாளிலிருந்தே பொதுவில் இருந்திருந்தால் இந்தக் கூத்துக்கு இடமிருந்திருக்காது. பொய்யை உருவாக்கியவர்கள் நீங்கள் இல்லை. பொய்க்கு இடம் ஒழித்துக்கொடுத்தது உங்கள் மௌனம்.

கணக்கை விடவும் எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். ஆபத்து வந்தால் அது யார் தலையில் விழுகிறது?

எகிப்தில் அதிபர் முபாரக் வீழ்ந்த அதே 2011-இல், டிசம்பர் மாத இறுதியில், என்.டி.ஐ., ஐ.ஆர்.ஐ., கொன்ராட் அடினவர் அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகளின் அலுவலகங்களுக்குள் படையினர் புகுந்தார்கள். 43 பேர் மீது வழக்கு. மார்ச் முதல் நாள், பெருந்தொகை ஜாமீன் கட்டி, வெளிநாட்டவர்கள் தனி விமானத்தில் ஏற்றப்பட்டுப் பறந்துபோனார்கள். அமெரிக்கர் ஒருவர் மட்டும் போக மறுத்து உள்ளூர் ஊழியர்களோடு கூண்டில் நின்றார். அவருக்கு என் வணக்கம். மற்றபடி எகிப்தியர்கள் எகிப்திலேயே இருந்தார்கள், வேறெங்கே போவார்கள்? அதே மார்ச் மாதம் முடிவதற்குள், ஜனநாயக முன்னேற்றத்தைச் சான்றளித்த பிறகே தரவேண்டிய 130 கோடி டாலர் ராணுவ உதவியை, அந்த நிபந்தனையைத் தளர்த்தி அமெரிக்க அரசு விடுவித்தது. 2013 ஜூனில் 43 பேருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. 2018 டிசம்பரில்தான் விடுதலைத் தீர்ப்பு. ஏழு ஆண்டுகள் வழக்கையும் குற்றவாளிப் பட்டத்தையும் சுமந்தது, உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட் இல்லாத இளைஞர்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை உங்கள் ஆண்டறிக்கைகள் எழுதுவதில்லை.

இந்த 130 கோடியை இன்னொரு தொகையோடு வைத்துப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் என்.இ.டி. உலகம் முழுவதற்கும், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் செய்யும் வேலைக்கு, பெற்றுவந்த ஆண்டு ஒதுக்கீடு 31.5 கோடி டாலர். ஒரே ஒரு நாட்டின் ராணுவத்துக்கு ஒரே ஆண்டில் அதன் நான்கு மடங்கு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதில் தொட்டில் ஆட்டும் கை உங்களுடையது. கிள்ளும் கை எங்களுடையதன்று, அது வேறு அமைச்சகம் என்பீர்கள். இரண்டும் ஒரே உடலின் கைகள் என்பது குழந்தைக்குத் தெரியும். உங்கள் அரசின் வெளியுறவுக் கொள்கையை மாற்றும் வலிமை உங்களுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அரசு எங்கள் நாட்டு அடக்குமுறையாளருக்கு ஆயுதம் கொடுக்கும்போது, அந்நாட்டைப் பற்றிய உங்கள் அறிக்கையில் அதை ஒரு பத்தியாகவாவது எழுதும் வலிமை கண்டிப்பாக இருக்கிறது. எங்கள் ஊடகங்களின் நிலை, எங்கள் நீதிமன்றங்களின் நிலை, எங்கள் கட்சிகளின் உட்கட்சி ஜனநாயகம் வரை எழுதுகிறவர்கள் அந்த ஒரு பத்தியை மட்டும் மறந்துவிடுகிறீர்கள்.

பாலஸ்தீனத்தில் 2006 ஜனவரி 25 அன்று தேர்தல் நடந்தது. என்.டி.ஐ.யும் கார்ட்டர் மையமும் சேர்ந்து கண்காணித்தன. வாக்குப்பதிவு ஒழுங்காக நடந்ததாகச் சொன்னார்கள். 132 இடங்களில் 74 ஹமாஸுக்குப் போயின. அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த அரசுக்கான நேரடி உதவியை நிறுத்தின. ஹமாஸின் அரசியலுக்கு வக்காலத்து வாங்குவது என் வேலையன்று. ஆயுதம் ஏந்திய இயக்கத்தோடு எப்படி உறவு கொள்வது என்று ஓர் அரசு முடிவெடுப்பதும் புரிகிறது. ஆனால் வாக்களியுங்கள், வாக்களியுங்கள் என்று பயிலரங்கு நடத்திய உங்கள் உள்ளூர் ஊழியர், மறுநாள் தெருவில் எதிர்ப்பட்ட மனிதருக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? அந்தப் பதிலை அவர் வாயில் நீங்கள் தயாரித்துக் கொடுத்திருக்கவேண்டும். முடிவு எதுவானாலும் நாங்கள் என்ன செய்வோம், எங்கள் அரசு என்ன செய்யக்கூடும், அதில் எங்கள் கை எட்டாதது எது என்று முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும்.

வளர்ந்த நாடுகள் மட்டுமே கொடுக்கின்றன என்பதும் இப்போது பழைய கதை. 2005-இல் ஐ.நா. ஜனநாயக நிதியம் தொடங்கப்பட்டபோது, அமெரிக்காவோடு சேர்ந்து முன்னே வந்து 1 கோடி டாலர் தருவதாக இந்தியா அறிவித்தது. தைவானுக்கு 2003 முதல் சொந்தமாக ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ஆகவே இந்த மடலின் முகவரியில் உள்ள பட்டியல் இனி நீளும். நீளட்டும், ஆனால் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஜெர்மன் அறக்கட்டளைகளிடம் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. தாங்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதை அவர்கள் மறைப்பதில்லை. எபர்ட் என்றால் சமூக ஜனநாயகக் கட்சி, அடினவர் என்றால் கிறித்தவ ஜனநாயகக் கட்சி. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு வருபவரைவிட, இன்ன கொள்கைக்காரன் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் பேசுவது எளிது. ஒரு வேடிக்கையும் உண்டு. சட்டத்தின் ஆட்சி பற்றி உலகெங்கும் வகுப்பெடுத்துவந்த இந்த அறக்கட்டளைகளுக்குச் சொந்த நாட்டில் நிதி வழங்குவதற்கென்று ஒரு தனிச் சட்டமே பல பத்தாண்டுகளாக இல்லை. நிதிநிலை அறிக்கையில் ஒரு தொகையாக மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சி வழக்குத் தொடுத்து, இதற்குச் சட்டம் வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகே, அந்த ஆண்டின் இறுதியில் சட்டம் வந்தது. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்களுக்கும் கணக்கு சரியாவது யாராவது கேட்டால்தான் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் நாட்டில் கேட்க நீதிமன்றம் இருக்கிறது. எங்களுக்கு உங்களைக் கேட்க எந்த மன்றமும் இல்லை.

இப்போது நீங்கள் எல்லோரும் பதறிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியது. யு.எஸ்.எய்ட் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்தானதாக மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. ஜூலை 1 அன்று அந்த நிறுவனமே மூடப்பட்டது. என்.இ.டி. தனக்கு நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை விடுவிக்கக் கோரித் தன் அரசின் மீதே வழக்குத் தொடுத்தது. என்.டி.ஐ.யும் ஐ.ஆர்.ஐ.யும் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. பிரிட்டனும் உதவித் தொகையைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. உங்கள் வேலையிழப்பு எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஆனால் மியான்மரிலிருந்து தப்பி எல்லைக்கு அப்பால் செய்தி நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒரு மின்னஞ்சலில் பணம் நின்றதே, அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? அவர்களுக்குத் திரும்பிப் போக நாடில்லை. உங்களிடம் பணம் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டு மட்டும் அப்படியே அவர்கள் மீது நிற்கிறது. பணம் போய்விட்டது, பழி தங்கிவிட்டது.

இது முன்பே தெரிந்திருக்க முடியாத விபத்து அன்று. கொடுப்பவர் ஓர் அரசு. அரசுகள் மாறும், மனமும் மாறும். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை உயிருக்கு ஆபத்தான வேலையில் இறக்கிவிட்டு, அவர் எந்த மாற்று வருமானமும் தேடிக்கொள்ளாதபடி காலாண்டு அறிக்கைகளிலும் பயிலரங்குக் கையொப்பத் தாள்களிலும் முடக்கி வைத்தது நீங்கள். உள்ளூரில் சந்தா சேர்த்து நிற்கும் அமைப்புகளை விட, ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதத் தெரிந்த அமைப்புகளே உங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. பத்து ரூபாய் சந்தா கொடுக்கும் ஆயிரம் உறுப்பினருக்குப் பதில் சொல்லவேண்டிய சங்கம் உங்கள் படிவத்தில் தேறுவதில்லை; எட்டுப் பேர் கொண்ட அலுவலகம் தேறிவிடுகிறது. பணம் நின்ற மறுநாள் நிலைத்திருப்பது இவற்றில் எது என்று நீங்கள் இப்போது பார்த்துவிட்டீர்கள்.

ஆகவே வெளியேறும் கடமை என்று ஒன்றை எழுத்தில் வையுங்கள். ஒருவரோடு ஒப்பந்தம் போடும் நாளிலேயே, இடையில் நிதி நின்றால் அவருக்கு எத்தனை மாதம் தாங்கும் தொகை, வழக்கு வந்தால் யார் செலவில் வழக்கறிஞர், நாட்டை விட்டு ஓட நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்பவை அதில் இருக்கட்டும். அதற்கு ஆகும் பணத்தை முதலிலேயே ஒதுக்கி, உங்கள் அரசு கை வைக்க முடியாத தனிக் கணக்கில் போடுங்கள். இதனால் நிதி பெறும் அமைப்புகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையலாம். குறையட்டும். நூறு பேரைக் கிணற்றில் இறக்கிக் கயிறை விடுவதைவிட, ஐம்பது பேருக்குக் கயிறைப் பிடித்துக்கொண்டு நிற்பது மேல்.

கணக்கைக் காட்டுவதற்கும் புதிய கட்டமைப்பு எதுவும் வேண்டியதில்லை. நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு நாட்டிலும், அந்நாட்டு மொழியில், ஆண்டுக்கு ஒருமுறை பொது விசாரணை நடத்துங்கள். உங்கள் நண்பர்களை மட்டும் அழைத்துத் தேநீர் கொடுக்கும் கலந்துரையாடல் வேண்டாம். உங்களைத் திட்டுகிற பத்திரிகையாளரும், உங்களிடம் விண்ணப்பித்துத் தோற்ற அமைப்பும், உங்கள் கணிப்பைச் சந்தேகிக்கிற பேராசிரியரும் வந்து கேட்கட்டும். தோற்ற திட்டங்களின் பட்டியலையும் அங்கே வையுங்கள். விசாரணை நடத்தவே முடியாத நாடுகளுக்கு, வெளியே வாழும் அந்நாட்டவர் முன்னிலையில் நடத்துங்கள். இப்படித் திறந்து வைத்த பிறகும் ஓர் அரசு உங்களை விரட்டினால், கம்போடியா 2017-இல் என்.டி.ஐ.யை விரட்டியதுபோல, அப்போது உங்கள் பக்கம் நின்று பேச எங்களைப் போன்றவர்களிடம் ஆதாரம் இருக்கும். ரஷ்யா 2012-இல் ‘வெளிநாட்டு முகவர்’ சட்டம் கொண்டுவந்தது; 2015-இல் ‘விரும்பத்தகாத அமைப்பு’ என்று முதன்முதலில் முத்திரை குத்தியது என்.இ.டி.யைத்தான். ஜார்ஜியா 2024-இல் அதே பாணியில் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் சொல்லிக்கொள்ளும் காரணம், மக்களுக்குத் தெரியவேண்டும் என்பது. அது பாசாங்கு. ஆனால் மக்களுக்குத் தெரியவேண்டியதை நீங்களே முன்வந்து சொல்லியிருந்தால், அந்தப் பாசாங்குக்கு அணிய ஒரு முகமூடி கிடைத்திருக்காது.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் தனிப்பட்ட முறையில் எழுதவேண்டாம்; பொதுவில் எழுதுங்கள். உங்கள் அடுத்த ஆண்டறிக்கை வெளியாகும்போது அதில் எந்தெந்த நாடுகளின் மொழிகளில் மொழிபெயர்ப்பு இருக்கும், முதல் பொது விசாரணை எந்த நாட்டில் எந்த மாதம் நடக்கும், 2025-இல் நிதி நின்றவர்களில் எத்தனை பேருக்கு நீங்கள் இன்னும் பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்றுக்கு மட்டும் பதில் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

இப்படிக்கு,
வளரும் நாடொன்றின் வாக்காளர்